ஒரு குண்டுக்கான ஸ்கோப்

கிரீன் கார்டு வந்த வருஷம் எங்கள் கூட்டத்தில் ஒருவர் வீடு வாங்கினார், இன்னொருவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார். நான் மான் வேட்டைக்கு ஒரு ரைபிள் வாங்கினேன். எங்கள் ரிச்சர்ட்சன் ஊரில் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்கில் விஷயம் பரவி, "உனக்கென்ன லூசா? கடையில சிக்கன் ஸ்டாக் இல்லையா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. ஆபீஸில் எனக்குப் பக்கத்து க்யூபிக்கிளில் இருந்த டெக்ஸஸ்காரன்தான் இதற்கெல்லாம் காரணம். மூன்று மணி நேரம் டிரைவ் பண்ணினால் அவன் குடும்பத்து நிலம், நவம்பர் வந்தால் அங்கே மான் வேட்டை. இரண்டு நவம்பர் அவனோடு போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். மூன்றாவது நவம்பருக்குள் எனக்கும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஐந்தடி நாலங்குலம், அதுவோ முள்ளும் கல்லுமாக மேடேறி நடக்க வேண்டிய இடம். அதனால் தூக்கிக்கொண்டு நடக்க லேசாக இருக்கும் ரைபிளாகப் பார்த்து எடுத்தேன்.

என் மனைவிக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். கறி சாப்பிடுகிற வீடுதான், ஆட்சேபமில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஏனுங்க, சுடறதுன்னா ஒரே குண்டுல முடியோணும். அந்த ஜீவன் துடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சுன்னு தெரிஞ்சுதோ, கறிய நான் அடுப்புல ஏத்த மாட்டேன். இப்பவே சொல்லிப்போட்டேன்."

"ஒரே குண்டுதான்" என்றேன். பெரிய வில்லாளி மாதிரி.

ஒரே குண்டில் முடிய வேண்டுமென்றால் துப்பாக்கியைவிட அதன் மேல் பூட்டுகிற ஸ்கோப் முக்கியம். அந்தக் குட்டித் தூரக்கண்ணாடி காட்டுகிற இடத்தில்தான் குண்டு விழ வேண்டும். நான் என்ன செய்தேன்? நம்மாட்கள் செய்வதைத்தான் செய்தேன். கடையிலிருந்த அத்தனை பெட்டிகளின் விவரத்தையும் குறித்துவந்து, ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, எதில் எண் பெரிதோ அதை வாங்கினேன். பதினெட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், சுரைக்காய் கனம். கடையில் பபிள்கம் மென்றுகொண்டிருந்த பெண் ஒருத்தி, "இந்த ரைபிள் லேசு, பின்னால் பலமாக உதைக்கும். இந்த ஸ்கோப்புக்குக் கண்ணை ரொம்பக் கிட்டே வைக்க வேண்டும், பார்த்துக்கொள்" என்று சொல்லத்தான் செய்தாள். எனக்கா தெரியாது என்று பில் போடச் சொன்னேன்.

துப்பாக்கி சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் முதல் குண்டு. ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து இடித்து, பிறை மாதிரி வெட்டிவிட்டது. நெற்றியில் பேண்டேஜோடு திங்கட்கிழமை மீட்டிங்கில் உட்கார்ந்தேன். என் டெக்ஸஸ் நண்பன் சிரித்த சிரிப்பில் அந்த மீட்டிங்கே நின்றுவிட்டது. காயம்கூடப் பரவாயில்லை. ஐந்து குண்டு சுட்டதில் ஐந்தும் ஐந்து திசையில் போயிருந்தன, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தனை கனத்தைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் இடம் மாறியிருந்தது. பெட்டியோடு ரிட்டர்ன் பண்ணினேன். அந்த வித்தையில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பபிள்கம் பெண் என் புருவத்தைப் பார்த்தாள். ஒல்லியாக ஒன்றை எடுத்து வைத்தாள். நாலு மடங்குதான், கூட்டவும் குறைக்கவும் முடியாது.

நாலா! என் பெண்ணின் பொம்மை பைனாகுலரே எட்டு மடங்கு. ஆனால் மூன்று விஷயம் சொன்னாள். கண்ணை நாலு விரற்கடை தள்ளி வைத்தாலும் படம் முழுசாகத் தெரியும். கனம் இல்லாததால் உதையில் நகராது. உள்ளே நகருகிற பாகம் குறைவு, அதனால் கெட்டுப்போவதும் குறைவு. கடைசிக் காரணம் எனக்குச் சட்டென்று பிடித்தது. ஆபீஸில் என் வேலையே டெலிபோன் ஸ்விட்சுகளை டெஸ்ட் பண்ணுவது. கெட்டுப்போகிற பாகங்களோடுதான் என் பிழைப்பு.

டெஸ்டும் அவளே சொல்லிக்கொடுத்தாள். ஸ்கோப்பின் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு திருகிகள். ஒரு கிளிக் திருப்பினால் நூறு கஜத்தில் குண்டு கால் அங்குலம் நகரும். ஒரே புள்ளியைக் குறிவைத்தபடி ஒரு குண்டு சுட வேண்டும். இருபது கிளிக் வலது, சுட வேண்டும். இருபது கீழே, இருபது இடது, இருபது மேலே, ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு. சதுரம் சுற்றிவந்து கடைசிக் குண்டு முதல் ஓட்டையிலேயே விழுந்தால் ஸ்கோப்பை நம்பலாம். ரேஞ்சில் செய்து பார்த்தேன். கடைசிக் குண்டு முதல் ஓட்டையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு விழுந்தது. அட! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மனைவி அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, "அப்பச் சரி" என்றாள்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கார் சாவி, கம்ப்யூட்டர், மிக்ஸி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் நடுவில் ரைபிளையும் வைத்தோம். டெக்ஸஸ் முழுக்கத் தேடினாலும் ஆயுத பூஜைக்கு நிஜ ஆயுதம் வைத்த வீடு நம்முடையதுதான் என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். மனைவி கைநிறையச் சந்தனம் குழைத்து ஸ்கோப்பின் இரண்டு திருகி மூடிகளிலும் அப்பி, குங்குமம் வைத்தாள்.

மறுநாள் சந்தனம் காய்ந்து மூடியின் இடுக்கெல்லாம் இறுகிவிட்டது. மூடிகளைக் கழற்றி, உள்ளே இறங்கியிருந்ததை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். பக்கவாட்டுத் திருகி கடகடவென்று சுற்றியது. பத்துப் பன்னிரண்டு கிளிக் இருக்கும் என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு கிளிக் திருப்பி வைத்தேன். மூடியைப் போட்டேன். வேலை முடிந்தது.

ஆபீஸில் புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு டெஸ்ட் பண்ணாமல் கொண்டுவருகிறவனை நிற்கவைத்துத் திட்டுகிறவன் நான்.

நவம்பரில் நண்பனின் நிலத்துக்குப் போய் இறங்கியதும் அவன், "கிளம்புவதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு குண்டு சுட்டுப் பார்த்துவிடு" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சதுரம் சுற்றிப் பாஸான சாமான், பூஜையும் போட்டாகிவிட்டது, இவன் யார் சந்தேகப்பட? "நான் முழுசா டெஸ்ட் பண்ணினது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டான்.

எட்டு மணி வாக்கில் மான் வந்தது. நூறு கஜம்கூட இருக்காது, பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்து, மூச்சை விட்டு, சுட்டேன். குண்டு வயிற்றில் போய்ப் பட்டது. மான் முதுகை வளைத்துத் துள்ளிப் புதருக்குள் ஓடியது. அதற்கப்புறம் நானும் அவனும் ரத்தச் சொட்டைத் தேடிக்கொண்டு மதியம் வரை அலைந்தோம். அவன் முன்னால் போய் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலாம். ஒரு மரத்தடியில் அது படுத்திருந்தது, தலை நிமிர்ந்தபடி. என்னைப் பார்த்து எழப் பார்த்தது, முடியவில்லை. இரண்டாவது குண்டை நான்தான் சுட்டேன்.

திரும்பி வந்ததும் நூறு கஜத்தில் காகிதத்தை நட்டு ஒரு குண்டு சுட்டேன். குறிக்குச் சரியாக அரை அடி தள்ளி விழுந்தது. துடைத்தபோது எந்தப் பக்கம் சுற்றியதோ அதே பக்கமே நானும் திருப்பியிருக்கிறேன். என் தப்பை ஒரு கிளிக்கூட விடாமல் அப்படியே காட்டியது, அவ்வளவு நல்ல ஸ்கோப்.

வீட்டுக்கு வந்து, கறியை ஐஸில் வைத்திருந்த கூலர் பெட்டியை இறக்கி வைத்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரே குண்டுதானுங்களா?"

வரும் வழி மூன்று மணி நேரமும் "ஆமாம்" சொல்லிப் பழகிக்கொண்டே வந்திருந்தேன். அவளுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் கதவில் அந்தச் சதுரம் இன்னும் ஒட்டியிருந்தது.

"ரெண்டு" என்றேன்.

"நடுவுல எவ்வளவு நேரமுங்க?"

"நாலு மணி நேரம்."

அவள் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய சட்டி ஒன்றை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கறியைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நானே வெட்டி, நானே ஆக்கி, நான் ஒருவனே உட்கார்ந்து தின்று தீர்த்தேன்.