காலுக்கு இனிப்புத் தெரியுமா?

அப்பாவின் காலில் கோடாலி பட்டபோது எனக்கு ஏழு வயது இருக்கும். கொல்லிமலையின் பைல் நாட்டில் எங்கள் சாமைக்காட்டு ஓரம் கட்டை பிளந்துகொண்டிருந்தவர், கட்டையை விட்டுவிட்டுப் பாதத்தைப் பிளந்துகொண்டார். எட்டே நாளில் காயம் சீழ் வைத்து, வாசல்வரை நாற்றம் வந்தது. மலைக்கு ரோடு வராத காலம் அது. டோலி கட்டி அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார் பெரியப்பா. போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று அப்பா அசையவே இல்லை. ஒற்றைக் காலோடு மலையில் எப்படி ஏர் பிடிப்பது?

மாமா ஒரு மூங்கில் குழாய் நிறையக் கெட்டித்தேன் கொடுத்துவிட்டு, மிளகு விற்க முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போனார். அம்மா தினமும் காலையில் காயத்தைக் கழுவி, வெட்டுக்காயப் பூண்டின் தழையைக் கசக்கிச் சாறு பிழிந்து, தேனில் குழைத்துப் பூசிக் கட்டுவாள். நான்காம் நாள் நாற்றம் குறைந்தது. நாக்கில் வைக்க வேண்டியதைக் காலில் வைக்கிறார்களே என்பது எனக்குத் தீராத சந்தேகம்.

“ஏம்மா, காலுக்கு இனிப்புத் தெரியுமா?”

“புண்ணு ஆறுறது தெரியும். எந்திரிச்சுப் போ கண்ணு.”

அந்த நாட்களில் எல்லாமே எனக்கு வேடிக்கை. கஞ்சியில் என் முகம் தெரிந்தது. நான் மூக்கைச் சுளித்தால் கஞ்சிக்குள் இருப்பவளும் சுளிப்பாள். தேனையும் அப்படித்தான் ஆராயத் தொடங்கினேன். முதல் நாள் ஒரு விரல். தொண்டை லேசாகக் காந்தியது. மறுநாள் இரண்டு விரல். பிறகு விரலுக்கு எட்டவில்லை, குழாயையே வாயில் கவிழ்த்தேன். குறைந்தது தெரியாமலிருக்கத் தண்ணீர் ஊற்றி வைத்தபோது, என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பிடித்திருந்தது.

கெட்டித்தேன் சத்தம் போடாது, தண்ணீர் போடும் என்பதை யார் கண்டார்கள்? மறுநாள் அம்மா காயத்தைக் கழுவிவிட்டுக் குழாயை எடுத்தாள். உள்ளே சளக்கென்றது. உள்ளங்கையில் சரித்தாள்; விரலிடுக்கில் ஒழுகி ஓடியது. என்னைப் பார்த்தாள். முதுகில் விழப்போகும் அடிக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“ஏனுங்க, தேன் புளிச்சுப் போச்சுங்க. காட்டுக்குப் போயிட்டு வாரேன்” என்று அவள் அப்பாவிடம் சொல்வதுதான் கேட்டது.

பொழுது சாயும்போது திரும்பினாள். தேனீ கொட்டி ஒரு கண் மூடிக் கிடந்தது, உதடு தடித்துத் தொங்கியது. நான் சிரித்துவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவள் தேனடையைப் பிழிந்து முதல் சொட்டை என் நாக்கில் வைத்தாள். அப்புறம்தான் அப்பாவின் காலுக்கு. புண் ஆறும்வரை தினமும் அப்படியே.

சாமை விதைக்க அப்பா தன் இரண்டு காலிலும் நடந்து போனார். தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் அந்தத் தேனைத் தின்றேன் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. அப்பா படுத்த நாள் முதல், என் முகம் தெரிகிற அளவுக்குக் கஞ்சியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் அவள்தானே.