சின்னத்துரையின் வயிற்றில் கொக்கி ஊசி

இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காலம். ஞாயிறு பூசை முடிந்ததும் கன்னியாஸ்திரிகள் எங்களுக்குக் கொக்கி ஊசியால் நூல் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். மாதா சுரூபத்துக்குக் கீழே விரிக்க வட்ட வட்டமாகப் பின்ன வேண்டும். மாதாவுக்கு எத்தனை விரிப்புத்தான் வேண்டும்? நாலாவதோடு எனக்கு அலுத்துப்போயிற்று. பொம்மை பின்ன ஆரம்பித்தேன், அதுவும் கதையில் வருகிற ஆட்களை.

இந்தியாவிலிருந்து வரும் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகை தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வீட்டுக்கு வரும். அங்கே வேலைசெய்த என் அக்கா, வீட்டம்மா சத்தமாகப் படிப்பதைப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, சாயங்காலம் எங்கள் வரிசைவீட்டு லயத்துக்கு வந்து எனக்குச் சொல்வாள். மறுநாள் நான் அதை மலையில் எல்லாப் பெண்களுக்கும் சொல்வேன். கதைக்குப் போட்டிருக்கும் படத்தை நான் கண்டதே இல்லை.

கதையின் வில்லன் பெயர் சின்னத்துரை. ஊர்ப் பெண்களைப் படாதபாடு படுத்துகிறவன். இந்தியாவில் அது யாருக்கு வேண்டுமானாலும் வைக்கிற பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தில் சின்னத்துரை என்றால் தோட்டத்தை நடத்தும் பெரியதுரைக்கு அடுத்த வெள்ளைக்காரர், அவ்வளவுதான். ஆகவே அரைக் காற்சட்டை, தொப்பி, முழங்கால்வரை ஏறும் காலுறையான சிவப்பு மேஸ் எல்லாம் போட்டுப் பின்னினேன். சிவப்பு நூலுக்கு எங்கே போவது? எங்கள் சின்னத்துரையே வீசிய கிழிந்த மேஸைப் பங்களாச் சமையற்காரரிடம் கெஞ்சி வாங்கிப் பிரித்தேன். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதுவும் எங்கள் துரைக்குப் பொருந்தித்தான் இருந்தது.

ஊசி தொலையாமலிருக்க அதைப் பொம்மையின் வயிற்றில் குத்தி ஜன்னலில் மாட்டிவைப்பேன். என் கெட்ட நேரம், சின்னத்துரை மோட்டார் சைக்கிளோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார். மறுநாள் லயம் சுத்தம் பார்க்க வந்த, எங்களை வேலை வாங்குகிற பெரிய கணக்கப்பிள்ளை எங்கள் ஜன்னலைப் பார்த்தார். சிவப்பு மேஸ். வயிற்றில் கம்பி. செய்வினையேதான் என்று முடிவுகட்டி, பொம்மையைத் தொடாமல் குச்சியால் தள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டு, குடும்பத்துக்கே பத்துச்சீட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு வெளியே போ என்கிற கடுதாசி. வேலையோடு நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். அம்மா அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. எனக்கு என் விரல்களை ஒடித்துப்போட வேண்டும்போல் இருந்தது.

காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னிலையிலும் விசாரணை. சின்னத்துரை தடியூன்றி நின்றார். அது கதையில் வருகிற ஆள் என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். அத்தாட்சிக்கு அக்கா டிஸ்பென்சர் வீட்டுப் பத்திரிகையை வாங்கிவந்து விரித்தாள். அப்போதுதான் நான் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். வேட்டி, முறுக்கு மீசை, காதில் கடுக்கன். பாவிப்பயலுக்குத் தொப்பியுமில்லை, மேஸுமில்லை!

துரை படத்தைப் பார்த்தார், சாக்கிலிருந்து கொட்டிய பொம்மையைப் பார்த்தார். கீழே இருந்த பெயரை வாசிக்கச் சொன்னார். கணக்கப்பிள்ளை வாசித்தார்.

"சின்னத்துரை."

"நான்?" என்றார் துரை. "இந்த ஆள் என்னா செய்றது?"

கணக்கப்பிள்ளை அந்தத் தொடர்கதையை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவர். அவன் என்ன செய்கிறான் என்று அவருக்கும் தெரியும், பின்னால் கூடையோடு நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அதைத் துரை முகத்துக்கு நேரே யார் சொல்வது? அந்தக் குளிரிலும் மனிதருக்கு வியர்த்தது.

"ரொம்ப நல்ல மனுசனுங்க தொரை," என்றார். "ஊருக்கே சோறு போடுறவருங்க."

பெண்கள் தலைத்துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார்கள். துரைக்கு முகமெல்லாம் பல். ஊசியை உருவிக் கணக்கப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, பொம்மையைத் தன் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு, எல்லோரையும் வேலைக்குப் போகச் சொன்னார். பத்துச்சீட்டுப் பேச்சே எழவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுத்தாள்.

மலைக்கு ஏறும் வழியில் கணக்கப்பிள்ளை என்னைத் தனியாக நிறுத்தினார். ஊசியைக் காகிதத்தில் சுற்றி, விரல் நுனியால் பிடித்து நீட்டினார்.

"ஏ புள்ள," என்றார் மெதுவாக, "என்னைய மட்டும் பின்னிப்புடாத."

நேற்றிலிருந்து என்னைப் பிடித்திருந்த பயம் போன இடம் தெரியவில்லை. அன்று சாயங்காலமே அவரைத் தொடங்கினேன், மீசையிலிருந்து.