மூன்றாம் தடவை வந்த வெள்ளைப் பூ

எண்பதுகளில் என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். அறுவை முடிந்ததும் மெட்ராஸ் டாக்டரம்மா சொன்னார்: "பழைய மருந்தா, புது மருந்தா, எது மேல்னு சோதிக்கிறோம். யாருக்கு எதுன்னு குலுக்கல்ல போட்டு ஒட்டின உறைதான் சொல்லும். இஷ்டமிருந்தா சேருங்க."

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். யாராவது தும்மினாலே சகுனம் என்று பயப்படுவேன். ராசிபுரம் திரும்பி, கோயிலில் சிவப்பும் வெள்ளையுமாய் இரண்டு பூப்பொட்டலம் வைத்துக் கேட்டேன். வெள்ளை வந்தால் புது மருந்து கிடைக்கும் என்று கணக்கு. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார்; சிவப்பு வந்தது. மறுபடி கேட்டேன்; மறுபடியும் சிவப்பு. மூன்றாம் தடவை வெள்ளை. மனைவியிடம், "வெள்ளை வந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

மெட்ராஸ் போய்ச் சோதனையில் சேர்ந்தோம். உறையைப் பிரித்தால், பழைய மருந்து!

"சாமி வெள்ளைப் பூ குடுத்துச்சுங்கம்மா! வேற உறை பிரிங்க," என்று கெஞ்சினேன்.

மனைவி சிரித்தாள். "ஏனுங்க, இங்கயும் மூணு தடவ கேப்பீங்களா? பூசாரி எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க."

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "பிடிச்சது வர்ற வரைக்கும் பிரிச்சுட்டே இருந்தா, எது நல்ல மருந்துன்னு எப்படித் தெரியும்?"

பழைய மருந்திலேயே என் மனைவி தேறினாள்.

இன்றும் கோயிலில் பூக் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை. பக்கத்தில் நின்று அவள் எண்ணுகிறாள்.