சாமி லைட்டும் சூளைக் கம்பியும்

வண்டியில கரண்டு ஓடுறது யார் கண்ணுக்கும் தெரியாது. ஓடலைன்னா மட்டும் என் மூஞ்சி எல்லார் கண்ணுக்கும் தெரியும். விருத்தாசலத்துல கார் வயரிங் பாக்குற கடை வச்சிருக்கேன். அடுத்தவன் கைய வச்சுக் கெடுத்தத அழாத குறையா சரி பண்ணுறவங்க எந்தத் தொழில்ல இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரங்கதான். கேளுங்க.

எங்கிட்ட மட்டும் நல்ல புள்ள

பெண்ணாடத்துல வாடகைக் கார் ஓட்டுற தனசேகரு, காலையில வண்டி ஸ்டார்ட் ஆவலைன்னு வந்தாரு. மகளுக்கு ஒம்பது மாசம், பிரசவத்துக்கு அப்பா வூட்டுக்கு வந்திருக்குது. எந்நேரம் வலி எடுத்தாலும் வண்டி கெளம்பணும். தள்ளி ஸ்டார்ட் பண்ணி இங்க வரைக்கும் ஓட்டியாந்ததுல பேட்டரி சார்ஜ் ஏறிடுச்சு. எங்கிட்ட சாவியத் திருப்புனா டக்குனு புடிக்குது! பேட்டரி, டைனமோ, செல்ப் மோட்டாரு எல்லாம் பாத்தேன், ஒண்ணுமில்ல.

"உங்களப் பாத்தாலே அதுக்கு பயம் வந்துருதுங்க. பேசாம உங்களயே எங்க வூட்டு வாசல்ல நிறுத்திடலாம் போல."

அணைக்கக் கூடாத விளக்கு

மறுபடி வந்தாரு. சாவிய எடுத்துட்டு மீட்டரப் போட்டேன். எல்லாம் ஆஃப்ல இருக்குது, ஆனா எங்கயோ கரண்டு போவுது. தேடினா, டாஷ்போர்டுல பிள்ளையாரு, அவரச் சுத்திப் பழைய கலர் பல்பு சரம். நேரா பேட்டரியில கொடுத்து ராப்பகலா எரியுது, விடியறதுக்குள்ள பேட்டரி காலி. சாவி போட்டா மட்டும் எரியற மாதிரி மாத்திக் கொடுத்து, விட்டுது சனின்னு டீ குடிக்கப் போனேன். பாதி டீயில அவரோட சம்சாரம் போன் பண்ணாங்க.

"புள்ளத்தாச்சி இருக்குற வூட்டுல சாமி வெளக்க அணைச்சிட்டீங்களே, நீங்க நல்லாருப்பீங்களா?"

மச்சான் வைத்தியம்

தனசேகரோட மச்சான் பீங்கான் கம்பெனியில சூளை பாக்குறவரு. அக்கா சொல்லத் தட்டாம லைட்ட மறுபடி பேட்டரிக்கே இழுத்துட்டாரு. எங்கயோ வயர் உரசியிருக்குது, ப்யூஸ் போச்சு. வேற போட்டாரு, அதுவும் போச்சு. ப்யூசு தான் எரிஞ்சு வயரக் காப்பாத்துறதுங்க, எரியறதுதான் அதோட வேலைன்னு யாருகிட்ட சொல்லி அழுவுறது! மனுஷன், கரண்டு சூளைக்குச் சூடேத்துற கம்பியில ஒரு துண்ட வெட்டி ப்யூசு எடத்துல சொருகிட்டாரு. அது எரியல. வயரிங் மொத்தமும் உருகிடுச்சு.

வண்டியக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. கருகுன நாத்தம் தெரு முழுக்க. தலையில அடிச்சிக்கலாம்னு தோணுச்சு, அடிச்சிக்கிட்டேன். மச்சான் பாட்டுக்கு அந்தக் கம்பிய உருவித் தொடச்சு வெளிச்சத்துல பாத்தாரு.

"பாருங்க, கம்பிக்கு ஒண்ணுமே ஆவல. உங்க வயருதான் மட்டம்."

வலி எடுத்த அன்னிக்கு

வண்டி என் கடையில பிரிச்சுக் கெடக்குறப்பவே பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. போன் வந்ததும் தெரிஞ்ச கார்க்காரங்களுக்கெல்லாம் அடிச்சேன். முகூர்த்த நாளு, ஒரு வண்டி இல்ல. அப்புறம் தனசேகரு போனயே எடுக்கல. நானும் விடாம அடிச்சுக்கிட்டே இருந்தேன்.

சாயங்காலம் அவரே வந்து என் கையில சாக்லேட்டத் திணிச்சாரு. பேத்தி பொறந்திருக்குது, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எதுலங்க போனீங்கன்னு கேட்டேன்.

"கரும்பு டிராக்டருலதாங்க. அதுல லைட்டும் கெடையாது, ஹாரனும் கெடையாது, உங்க வேலை ஒண்ணுமே கெடையாது. அதான் நிக்காம போச்சு."

பேத்திய ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியார வண்டி வேணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. புது வயரெல்லாம் இழுத்து முடிச்சாச்சு, பிள்ளையார் லைட்ட பேட்டரியில கொடுக்குறதா, சாவியில கொடுக்குறதான்னு தெரியாமதான் வயரக் கையில புடிச்சுக்கிட்டு நின்னுட்டிருக்கேன்.