கதவில் ஒட்டிய வீட்டுப்பாடம்

வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, நோர்பரியில் எங்கள் வீட்டு முன்கதவில் ஓர் அரசாங்க அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. தேநீரில் தோய்த்துக் காயவைத்த காகிதம். இந்த விலாசத்தில் குடியிருப்போர் அனைவரும் மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட ஆயத்தமாக இருக்க வேண்டும், அதிகாரிகள் வந்து அழைத்துச் செல்வார்கள், கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுக்கலாம் என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே எங்கள் விலாசமும் நான்கு பேரின் பெயர்களும். ஒட்டியது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அது வீட்டுப்பாடம்.

இரண்டு வாரங்களாக வகுப்பில் செரோக்கி மக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் தென்கிழக்கில் அவர்களுக்கு வீடுகள் இருந்தன, தோட்டங்கள் இருந்தன, தங்கள் சொந்த எழுத்தில் அச்சடித்த பத்திரிகைகூட இருந்தது. அவர்களுடைய நிலம் மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒரு வேனிற்காலத்தில் படையினர் வீடு வீடாக வந்து அவர்களை வெளியேற்றினார்கள். மரவேலி அடித்த முகாம்களில் அடைத்து வைத்துவிட்டு, மேற்கே நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திக் கொண்டுபோனார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வகுப்புச் சுவரில் இருந்த வரைபடத்தில் அந்தப் பாதையை டீச்சர் சிவப்புக் கம்பளி நூலால் குத்தியிருந்தார். நூல் அடிக்கடி கழன்று விழும். அதை எடுத்துத் திரும்பக் குத்துவது என் வேலை.

பாடசாலையிலிருந்து பெரும்பாலும் என்னை அழைத்து வருபவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. முன்கதவுக்கு நேர் மேலே இருந்த சின்ன அறையில் இருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லாததால் வீட்டில் சமைத்தார், என்னைக் கூட்டி வந்தார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். அவருக்கு ஓர் அகதிக் கேஸ் இருந்தது. அது முடிந்தால் அவர் இங்கே இருக்கலாம் என்பதும், அதைப் பற்றிப் பாடசாலையில் ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவதைத்தான் அம்மா அடிக்கடி சொல்வார்.

நடந்து வரும்போது செரோக்கிக் கதையை நான் சித்தப்பாவுக்குச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் வகுப்பில் யாரும் கேட்காதவை.

"வெளிக்கிடச் சொல்லி எவ்வளவு நேரம் குடுத்தவங்கள்?"

"தெரியாது."

"கதவைப் பூட்டவிட்டவங்களோ?"

"தெரியாது சித்தப்பா."

"நாய் பூனையள்? நாங்கள் ஊரில வெளிக்கிடேக்க நாயை அவிட்டுவிட்டனாங்கள். சனியன், பின்னாலயே வந்தது. கல்லால எறிஞ்சுதான் திருப்பினது." சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் இந்தக் கேள்விகளை என்னுடையவைபோல டீச்சரிடம் கேட்டேன். அவர் வியந்து போனார். சிலருக்குச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பக்கூட நேரம் கொடுக்கவில்லை, ஆட்கள் போய் மறையுமுன்பே அயலில் இருந்தவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். எனக்கு இரண்டு நட்சத்திர ஸ்டிக்கர் கிடைத்தது. அதன்பிறகு தினமும் சித்தப்பாவிடம் கேள்வி வாங்கிக்கொண்டு போனேன். அந்த வாரம் வகுப்பிலேயே ஆழமாகச் சிந்திக்கும் மாணவி நான்தான் என்று டீச்சர் அறிவித்தார்.

புதன்கிழமைக் கேள்வி இது: "ஏன், அவை கேஸ் போடேல்லையோ?"

போட்டிருந்தார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை வழக்குப் போனது. அவர்களுடைய நிலத்தில் அந்த மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடினேன். சித்தப்பா லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றார்.

"வென்டவை சித்தப்பா! கேஸ் வென்டவை!"

"பாத்தியே!" என்றார். கத்தியை உயர்த்திக் காட்டினார். அவர் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் அவருடைய கேஸும் வென்றிருந்தது. அம்மா பிள்ளையாருக்கு மோதகம் அவித்தார். ஆனால் இருக்கலாம் என்ற அட்டை இன்னும் வரவில்லை. அரசாங்கம் மேல்முறையீடு செய்யலாம், பொறுத்திருங்கள் என்று லோயர் சொல்லியிருந்தார்.

"பிறகு?"

"பிறகும் அனுப்பிப் போட்டாங்கள்."

"வென்டாப் பிறகோ?"

"ஓம். சனாதிபதி கேக்கேல்லையாம்."

சித்தப்பா லீக்ஸைத் தொடர்ந்து வெட்டினார். அன்று கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்று அப்பா சொன்னார்.

அடுத்த நாள் வியாழன். டீச்சர் தேநீரில் தோய்த்துப் பழசாக்கிய முப்பது காகிதங்களைக் கொடுத்தார். வீட்டுக் கதவில் ஒட்டுங்கள், உள்ளே போய் ஒவ்வொருவரும் எதை எடுப்பீர்கள் என்று எழுதுங்கள் என்றார். உண்மைபோல இருக்க வேண்டும் என்பதற்காகச் செரோக்கி என்ற சொல்லை அதில் எங்கும் போடவில்லை. விலாசத்தையும் பெயர்களையும் நாங்களே நிரப்ப வேண்டும், அரசாங்கம் எழுதுவதுபோல எழுத வேண்டும்.

அரசாங்கம் எப்படி எழுதும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் பழுப்பு உறைக் கடிதம் வந்தால் உடனே உடைப்பதில்லை. அப்பா வரும்வரை அது பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருக்கும். விபூதி பூசி உடைத்ததும், வேகமாக வாசிக்கக் கூடியவள் நான் என்பதால், சத்தமாக வாசிக்க என்னிடம் தருவார்கள். எல்லாக் கடிதங்களிலும் சித்தப்பாவின் பெயர் ஒரே மாதிரித்தான் இருக்கும்: தாத்தாவின் பெயர் பெரிய எழுத்தில் முதலில், பிறகு அவருடைய பெயர், அதன் கீழே அவருடைய கேஸ் நம்பர், ஓர் ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும். அந்த இலக்கங்கள் இல்லாமல் அவருடைய பெயரை ஆங்கிலத்தில் நான் எங்கும் கண்டதில்லை. ஆகவே அதையும் எழுதினேன். மனப்பாடமாகத் தெரியும்.

அன்று அம்மாதான் என்னைக் கூட்டி வந்தார். அவர் உள்ளே போனதும் காகிதத்தை ஒட்டிவிட்டு மேலே போய்ப் பட்டியலை எழுதத் தொடங்கினேன். அம்மாவுக்கு நகைப்பெட்டி, அப்பாவுக்குக் கார்ச் சாவி, எனக்கு நிறப்பென்சில்கள். ஐந்து மணியளவில் கேற் திறக்கும் சத்தம் கேட்டது. பூட்டில் திறப்புப் போடும் சத்தம் கேட்கவில்லை. சித்தப்பாவின் அறைச் சன்னலால் எட்டிப் பார்த்தேன். சித்தப்பாவின் உச்சந்தலை தெரிந்தது. கையில் மரக்கறிப் பை. காகிதத்துக்கு மிக அருகே முகத்தை வைத்து, விரலால் வரிகளைத் தொட்டு வாசித்தார். பையைப் படியில் வைத்தார். கேற்றைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்த வழியே நடந்தார். பால் வாங்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு அப்பா மரக்கறிப் பையோடும் காகிதத்தோடும் உள்ளே வந்தார்.

"ஆர் இதை ஒட்டினது?"

"நான். ஹோம்வேர்க்."

முதலில் சிரித்தார். பிறகு கடைசி வரிக்கு வந்தார். "இந்த நம்பரை ஏன் பிள்ளை போட்டனீ?"

"அது சித்தப்பான்ர தானே."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். இரண்டு பேரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரனின் கதவில் செலோடேப் ஒட்டினால் பெயின்ட் வரும் என்று போன மாதம் எவ்வளவு திட்டினார்கள்! சித்தப்பாவின் போன் அணைக்கப்பட்டிருந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு அவர் வரவில்லை. அப்பா மினிகேப் டாக்சி ஓடுபவர். போகிற வழியெல்லாம் தெரிந்தவர்களின் வீடுகளில் விசாரித்தார். நான் வெள்ளிக்கிழமையே காகிதத்தையும் பட்டியலையும் டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். சித்தப்பாவின் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இன்னும் யோசி என்று டீச்சர் பச்சை மையில் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைக்கும் நாள். அதற்கும் அவர் போகவில்லை.

புதன்கிழமை காலை அப்பா அவரைப் பிளேஸ்டோவில் ஒரு பழைய கூட்டாளியின் அறையில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். நான் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்குத் தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும், "என்ன குஞ்சு, பெரிய கவர்ண்மென்ட் உத்தியோகத்தரா வந்திட்டாய் போல" என்றார்.

அப்பாவுக்குக் கோபம் அடங்கவில்லை. "விசரா, தேத்தண்ணியில தோய்ச்ச கடிதத்தையோ கவர்ண்மென்ட் அனுப்பும்?"

"எனக்கு நம்பர்தான் கண்ணில பட்டது அண்ணை. அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியேல்லை."

லோயருடன் போனில் பேசினார்கள். நாளைக் காலையே போகச் சொல்லுங்கள், வராததற்கான காரணத்தை நான் எழுதித் தருகிறேன், அந்தக் காகிதத்தையும் கொண்டு போகட்டும், கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் என்றார் அவர். காகிதம் வகுப்புச் சுவரில் இருந்தது. வெள்ளிக்கிழமை பெற்றோருக்குக் கண்காட்சி.

மூன்றரை மணிக்கு அம்மா முதியோர் இல்லத்து வேலை உடுப்போடு வகுப்புக்கு வந்தார். அவருக்கு அப்போது ஆங்கிலம் வராது. சுவரைக் காட்டினார். "பேப்பர், ப்ளீஸ்" என்றார். டீச்சர் புன்னகைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. "சித்தப்பாவுக்கு நாளைக்கு வேணுமாம் எண்டு சொல்லு."

நான் அம்மாவைப் பார்த்தேன். சித்தப்பாவைப் பற்றிப் பாடசாலையில் பேசக் கூடாது என்று நூறு முறை சொன்னவர் அவர்தான். பேசினால் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றும் சொல்லியிருந்தார். இது ஒரு சோதனையோ என்று தோன்றியது. டீச்சர் முன்னால் அம்மா வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கிறது, உண்மையில் நான் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்றும் நினைத்தேன். டீச்சர் குனிந்து, வீட்டில் எல்லாம் நலமா என்று மெதுவாகக் கேட்டார்.

நலம் என்றேன். அம்மாவுக்கு அந்தக் காகிதம் மிகவும் பிடித்திருக்கிறது, பார்க்க வந்திருக்கிறார் என்றேன்.

டீச்சர் மகிழ்ந்து போனார். அம்மாவின் கையைப் பிடித்துச் சுவரருகே கூட்டிச் சென்று, காகிதத்தையும் வரைபடத்தையும் சிவப்பு நூலையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். அம்மா கை நீட்டியபோது, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று என்னிடம் சொன்னார்.

"என்னவாம்?"

"வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் தருவாவாம்."

"சொன்னனீயோ?"

"ஓம்."

அம்மா டீச்சரை ஒருமுறை பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சித்தப்பா லோயரின் கடிதத்தோடு அந்த அலுவலகத்துக்குள் போனார். அப்பா எதிர்ப்பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு நாலு மணிவரை இருந்தார். இடையில் இரண்டு பார்க்கிங் டிக்கெட். பிறகு சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது, வேறோர் ஊரிலிருந்து. கையெழுத்து வைக்காமல் தலைமறைவான ஆள் என்று எழுதி அவரைத் தடுத்து வைத்திருந்தார்கள். அரசாங்கம் மேல்முறையீடும் செய்தது. அதில் அரசாங்கம் வென்றது. கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு அவர் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். மேலேயிருந்த சின்ன அறை எனக்குக் கிடைத்தது.

வகுப்பில் செரோக்கிப் பாடம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. திங்கட்கிழமை எரிமலைகள் தொடங்கின.

அந்தக் காகிதம் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிராது என்று லோயர் பின்னர் அப்பாவிடம் சொன்னாராம். அம்மா அதை ஏற்கவில்லை. பல வருடங்களாக அந்த டீச்சரைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஒரு துண்டுப் பேப்பர். அதைத் தர மனம் வரேல்லை அந்த மனிசிக்கு" என்பார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பேன், அல்லது தண்ணீர் எடுக்க எழும்பிப் போவேன்.

அம்மா இப்போது நன்றாக ஆங்கிலம் பேசுவார். அன்று நான் டீச்சரிடம் என்ன சொன்னேன் என்று அவர் இதுவரை கேட்கவில்லை.