பாறைதான் முதலில் சுடும்

சரியான பதில் சொன்ன ஒருத்தியை, சரியென்று தெரிந்தே நான் பள்ளிப் பருவத்தில் வகுப்பில் அவமானப்படுத்தினேன். போன வாரம் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பாதையோரத்தில் ஒரு பாறைமீது உட்கார்ந்தேன். காற்று குளிராக இருந்தது. பாறையோ வெயிலில் வெதுவெதுத்திருந்தது. அந்த ராசம்மாவின் நினைவு வந்தது.

அன்று வகுப்பில், காற்றைச் சூடாக்குவது எது என்று ஆசிரியர் கேட்டார். சூரியன் என்றேன். நான் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன், வகுப்பில் முதலாவது. கொழுந்து பறிப்பவரின் மகள், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்த ராசம்மா எழுந்தாள்.

"தரைதாங்க சார். வெறுங்கால்ல வர்றப்ப மொதல்ல பாறை சுடுது. அப்புறந்தான் கால்கிட்ட காத்து சுடுது. அப்பவும் மூஞ்சி குளிருது. சூரியன்தான்னா மலை உச்சி ஏங்க குளிருது?"

வெயில் தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது. புத்தகம் சொல்லாமலே தன் பாதங்களால் அதைக் கண்டுபிடித்திருந்தாள். சப்பாத்து போட்டிருந்த எனக்கு அது அந்தக் கணமே புரிந்தது.

"லயத்துக்காரிக்குத் தரையத் தவிர என்ன தெரியும்?" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் பள்ளியை விட்டுக் கொழுந்துக்கூடை தூக்கினாள்.

போன வாரம் அந்தப் பாறையிலிருந்து எழுந்து அவள் லயத்துக்கே போனேன். அன்று அவள் சொன்னதே சரி என்று மன்னிப்புக் கேட்டேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுங்க. பொறகு ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"பொறாமை."

"எம்மேலயா?" அவள் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டாள். "ஏ புள்ள, வெரசா வா! ஐயா, இன்னொருக்கா சொல்லுங்க."

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.