கண் திறக்காத செட்டியாரம்மா

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் மதனவதிக்கு முதலில் தெரிவது அதன் குறைதான். மனிதர்களிடமும் அப்படித்தான் என்று அவள் கணவர் அப்பாண்டை சொல்லிச் சிரிப்பார். அது பிறவிக்குணம் இல்லை, தொழிற்பழக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பதினாறு வருடம் புடவை விரித்துக் காட்டியவள் அவள். விரித்ததுமே, 'இங்கே ஓர் இழை விட்டிருக்கிறது பாருங்கள்' என்று தானே விரல் வைத்துக் காட்டிவிடுவாள். கூட நின்ற பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் குறையை வாய்விட்டுச் சொன்னவள் நல்லது சொல்லும்போது யாரும் சந்தேகப்படவில்லை. மற்றவர்கள் பத்துப் புடவை பிரித்துப் போட்டு ஒன்று விற்கிற நேரத்தில் இவள் மூன்று விற்றாள்.

கொரோனாவில் கடை ஆட்களைக் குறைத்தபோது இவள் பெயரும் போயிற்று. பிறகு பிரேம்நாத் கூப்பிட்டான். மாகறல்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். கையால் செய்த பொம்மைகளைச் சேகரிப்பவர்களுக்கு இணையத்தில் ஏலம் விடும் தொழிலை ஆரம்பித்து, ஏலம் கேட்க ஆளில்லாமல் விழித்துக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்த படங்களைப் பார்த்ததும் மதனவதிக்கு முகம் சுளித்தது. டியூப்லைட் வெளிச்சத்தில், பிளாஸ்டிக் நாற்காலி மேல், அழகான ஒரு தசாவதார செட் திருட்டுச் சாமான் மாதிரி உட்கார்ந்திருந்தது. கீழே எழுதியிருந்தது அதைவிடக் கேவலம். அழிந்துவரும் அரிய கலையாம். பொம்மைக்காரத் தெருவில் அந்த அழிந்துவரும் கலையைச் செய்கிறவர்கள் இரண்டு பேர் அப்போதுதான் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினாள். வடக்கு ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் கஞ்சி போடாத வெள்ளைத்துணி. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் படம். முன், பின், இரண்டு பக்கம், அடிப்பாகம், உயரம் தெரிய ஒரு தீப்பெட்டியோடு ஒன்று, குறை இருக்கும் இடம் கிட்டத்தில் ஒன்று. விவரத்தை ஆங்கிலத்தில் எழுதுவாள், முதல் வரியிலேயே குறை. 'இடது காதோரம் கடுகளவு வண்ணம் உதிர்ந்திருக்கிறது.' அதற்குப் பிறகுதான் எந்த அச்சு, எத்தனை பூச்சு, யார் கை என்பதெல்லாம். ஆறே மாதத்தில் பிரேம்நாத்தின் பொம்மைகளுக்கு அடிதடி. அவள் எழுதியதை நம்பலாம் என்று ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். அந்த ஒன்றில்தான் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

அவள் அதிகமாக எழுதியது எல்லம்மாளின் பொம்மைகளைப் பற்றி. காகிதக்கூழ் பொம்மைகளுக்கு எல்லம்மாள் வீட்டில் கணவர் அச்சு எடுப்பார், மருமகள் வண்ணம் பூசுவாள், கண் மட்டும் எல்லம்மாள்தான் எழுதுவாள். எல்லாம் முடிந்தபின் ஒருநாள் காலையில் குளித்துவிட்டு, யாரோடும் பேசாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணையும் திறந்துவிடுவாள். கண் திறக்காத பொம்மை அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. அவள் எழுதிய கண் நம்மைப் பார்க்காது, நம் கையில் என்ன கொண்டுவந்திருக்கிறோம் என்று பார்க்கும். மதனவதி இதை அப்படியே எழுதியிருந்தாள்.

ஐப்பசி மழையில் எல்லம்மாள் வீட்டுக் கூரை ஒழுகியது. அரைகுறைப் பொம்மைகளை நனையாமல் வைக்கப் பிரேம்நாத்தின் மாடிக்கு அனுப்பினார்கள். அதில் கண் திறக்காத ஒரு செட்டியாரம்மா இருந்தாள். கொலுவில் மளிகைக்கடை விரித்து உட்காருவாளே, அந்தப் பெருத்த அம்மாள். மூக்குத்தி, வெற்றிலைச் சிவப்பு எல்லாம் இருக்கிறது, கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. அதையும் ஏலத்தில் போடச் சொன்னான் பிரேம்நாத். 'கண் இன்னும் எழுதவில்லை, எழுதிய பிறகே அனுப்புவோம்' என்று முதல் வரியிலேயே எழுதிப் போட்டாள் மதனவதி.

சமணக் குடும்பம் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். ஐந்து மணிக்கெல்லாம் அவள் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பருத்திக்குன்றம் போய்விடுவாள். ஏலம் முடியும் நாளன்று அவள் போனபின் ஏலம் கேட்டவர் ஒருவர், ஏன் முடிக்கவில்லை, செய்த கலைஞர் இறந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறார். பிரேம்நாத் தன் போனிலிருந்து 'ஆம்' என்று பதில் போட்டுவிட்டான். மறுநாள் காலை அவள் வந்து பார்க்கும்போது விலை நாலு மடங்கு ஏறி ஏலம் முடிந்திருந்தது. அவள் எழுதியதில் முதல் வரியை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே 'மறைந்த கலைஞர் எல்லம்மாளின் கடைசிப் படைப்பு' என்று சேர்த்திருந்தான். மற்றதெல்லாம் அவள் எழுத்து. குளித்துவிட்டு மூச்சைப் பிடித்து எழுதுவது, கையைப் பார்க்கும் கண், எல்லாம். அவள் எழுதிய உண்மைகள் அந்த ஒரு பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றன. மதனவதிக்கு வாயில் புளித்த எச்சில் ஊறியது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

அவனிடம் கேட்டாள். அவனுக்கு வெட்கமே இல்லை.

"செத்துட்டாங்கன்னு எழுதினா செத்துடவா போறாங்க மேடம்? அவங்களுக்கும் சேர்த்துத்தானே குடுக்கப் போறேன்" என்றான்.

அதோடு விட்டிருந்தால்கூட அவள் வேலையை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் இரங்கல் செய்திகள் வர ஆரம்பித்தன. யாரோ ஒரு வெளிநாட்டம்மாள் எல்லம்மாளுக்காக மெழுகுவத்தி ஏற்றினாளாம். இன்னொருவர், கலைஞரின் படம் இருந்தால் பொம்மைக்குப் பக்கத்தில் மாட்டுவேன் என்று கேட்டிருந்தார். பிரேம்நாத் அதைப் படித்துவிட்டு, எல்லம்மாளைச் சும்மா ஒரு படம் எடுத்து வரும்படி மதனவதியிடம் சொன்னான்.

"சிரிக்காம நிக்கச் சொல்லுங்க. மாலை நாம கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்."

அவள் போகவில்லை. எல்லம்மாளின் கண்ணை எப்படிப் பார்ப்பது என்று இரண்டு நாள் வேலைக்கே வராமல் உட்கார்ந்திருந்தாள். தப்பு அவள் செய்யவில்லை. ஆனாலும் கூச்சம் மட்டும் அவளுக்குத்தான் இருந்தது, செய்தவன் ஜோராக இருந்தான்.

மூன்றாம் நாள் வந்தபோது செட்டியாரம்மா கண் இல்லாமலே பார்சலில் போயிருந்தாள், மேசைமேல் எல்லம்மாள் கொடுத்தனுப்பிய ஏழு பொம்மைகள் நின்றன. கண் இல்லாமல் அனுப்பச் சொல்லி பிரேம்நாத் கேட்டிருக்கிறான். அவள் மாட்டேன் என்று எல்லாவற்றுக்கும் கண் திறந்தே அனுப்பிவிட்டாள். இப்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை வெள்ளைச் சாயத்தில் தோய்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டிருந்தான். பாட்டு வேறு முணுமுணுத்தான். நாலு பொம்மை முடிந்திருந்தது. வெள்ளைக்கு அடியிலிருந்து கருவிழி மங்கலாகத் தெரிந்தது.

"இன்னொரு கோட்டு குடுத்தா சரியாயிடும்" என்றான்.

மதனவதிக்கு அருவருப்பாக இருந்தது. அவனை மட்டும் பார்த்து அல்ல. இப்படி மூடினால்தான் விலை ஏறும் என்பதை அவன் கற்பனை செய்யவில்லை, அது நடந்தே இருந்தது. தான் அழகாக எழுதிய ஒவ்வொரு வரியும் இந்தப் பஞ்சுக்குச்சியில் தோய்ந்திருப்பதாகத் தோன்றியது. சீ என்றாகிவிட்டது அவளுக்கு. நேரே பொம்மைக்காரத் தெருவுக்கு நடந்தாள்.

எல்லம்மாள் பசைச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மதனவதி எதையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு எல்லம்மாள் கேட்டுக்கொண்டபடி போனைத் திறந்து, ஏலத்தில் எழுதியிருந்ததையும் இரங்கல் செய்திகளையும் ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் காட்டினாள். எல்லம்மாள் சட்டியை விடாமல் கழுவிக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்தபின், "நான் எப்பம்மா செத்தேனாம்?" என்று மட்டும் கேட்டாள்.

"மழைக்கு முன்னாடிக்கா."

"அப்ப இந்தக் கூரை ஒழுகலெல்லாம் செத்த பெறகுதான் பாத்தேனா" என்றவள் கையைத் துடைத்துக்கொண்டு பிரேம்நாத்தின் மாடிக்குக் கிளம்பினாள்.

விற்றால்தான் காசு என்ற பேச்சில் கொடுத்த பொம்மைகள். விற்கும்வரை அவை எல்லம்மாளுடையவைதான். பிரேம்நாத் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான், பங்கைக் கூட்டித் தருவதாகவும் சொன்னான். எல்லம்மாள் அவனைத் திட்டவில்லை. பஞ்சுக்குச்சியை எடுத்து மோந்து பார்த்து, மூஞ்சியைச் சுளித்துக் கீழே போட்டாள். ஏழையும் கூடையில் அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஈரத்துணியால் வெள்ளையைத் துடைத்து, மறுநாள் காலை குளித்துவிட்டு அந்த நாலுக்கும் மறுபடி கண் எழுதினாள். மதனவதி அன்றைய பேப்பரின் தேதி தெரியும்படி பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள்.

கடைக்கணக்கின் கடவுச்சொல்லை பிரேம்நாத் இன்னும் மாற்றவில்லை. செட்டியாரம்மாவை ஏலம் எடுத்தவருக்கு அதிலிருந்தே ஒரு கடிதம் எழுதினாள். எல்லம்மாள் உயிரோடு இருக்கிறார், உங்களிடம் பொய் சொல்லப்பட்டது, வருந்துகிறேன், பொம்மையை அனுப்பினால் கண் எழுதித் தருகிறோம் என்று சொல்லி, எல்லம்மாள் தூரிகையோடு இருக்கும் படத்தையும் தன் சொந்த முகவரியையும் சேர்த்தாள். கோபப்படுவார், அதுதான் நியாயம் என்று காத்திருந்தாள்.

அவர் கோபப்படவே இல்லை. கலைஞர் உயிரோடு இருப்பதில் மிக்க மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார். இறந்தவரின் கடைசிப் படைப்பு என்பதால்தான் அவ்வளவு விலை கொடுத்தேன், ஆகவே பொம்மையைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தை அனுப்பவும் என்று அடுத்த வரி.

எல்லம்மாள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மதனவதி அதை இரண்டு தடவை படித்தாள். பிரேம்நாத்தின் மேல் வந்த குமட்டலாவது ஒரு தெருவோடு முடிந்துவிடும். இதை எங்கே போய்த் துப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லம்மாளுக்கும் படித்துச் சொன்னாள்.

"நான் இருக்கிறது பிடிக்காதவங்க இந்தத் தெருவில ரெண்டு பேரு இருக்காங்க" என்றாள் எல்லம்மாள். "கடல் தாண்டியும் இருக்காங்கன்னு இப்பத்தான் தெரியுது."

மதனவதி தன் பெயரிலேயே ஒரு புதுக் கணக்கு திறந்தாள். ஏழு பொம்மைகளையும் வெள்ளைத்துணியில் நிறுத்தி, தீப்பெட்டி வைத்து, படம் எடுத்து முடித்தாள். வழக்கப்படி முதல் வரி குறை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை, உதிர்வு இல்லை, துடைத்த தடம்கூட இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தட்டினாள்.

என்ன எழுதினாய் என்று எல்லம்மாள் கேட்டாள். மதனவதி படித்துக் காட்டினாள்.

"குறை: செய்தவர் உயிரோடு இருக்கிறார்."

எல்லம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அப்படியே இருக்கட்டும்மா, அழிச்சிடாத" என்றாள்.